பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி உரிமம்: போலீஸ் விசாரணை முடிஞ்ச பிறகும் ஃபைல் ஏன் நகர மாட்டேங்கு?

வாழைத்தோட்டம் (களக்காடு) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பயிர்ப் பாதுகாப்புக்கு ஒற்றைக்குழல் துப்பாக்கி உரிமம் கேட்டு ஆன்லைன்ல ஏ-1 படிவம் போட்டு, பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ்ல குடுத்தாச்சு. வீடு களக்காட்டுல. தோட்டம் ஊருக்கு மேற்கே, மலையடிவாரம். ஏத்தன், நாடன்னு ரெண்டு வகை வாழையும் நிக்கி. ஸ்டேஷன்ல இருந்து வந்து அக்கம்பக்கம் விசாரிச்சு வாக்குமூலம் வாங்கிட்டாங்க. விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பாத்தாச்சு. கேட்டா "ரிப்போர்ட் இன்னும் வரல"ங்கிற ஒரே பதில்தான். எந்த ரிப்போர்ட், யார் அனுப்பணும்னு சொல்ல மாட்டேங்காங்க.

தெரிய வேண்டியது இதுதான்: இந்த ஃபைல் எந்தெந்த மேஜைக்குப் போகும், எங்க நிக்கும், ஏன் நிக்குது, சட்டப்படி நாம என்ன செய்யலாம்? புரோக்கரைப் பிடின்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க.

பொருநைக்கரை எழுதியது:

ஊர்ப் பேரை வச்சே சொல்லலாம் அண்ணாச்சி, உங்க ஃபைல் போலீஸ்ல இல்ல. வனத்துறை இசைவுக்காகக் காத்துக் கிடக்கு. இல்லன்னா இசைவு கேக்குற கடிதமே இன்னும் கிளம்பல.

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட 34-வது பிரிவை எடுத்துப் பாருங்க. சரணாலயத்தைச் சுத்தி 10 கிலோமீட்டர் ஆரத்துக்குள்ள புதுசா துப்பாக்கி உரிமம் குடுக்கணும்னா, தலைமை வன உயிரினக் காப்பாளரோட முன் இசைவு வேணும். ஆயுதச் சட்டத்தை மட்டும் படிச்சிட்டு விண்ணப்பம் போடுறவங்களுக்கு இது கண்ணுல படாது, ஏன்னா இது வேற சட்டத்துல உக்காந்திருக்கு.

நம்ம ஜில்லா மேப்பை விரிச்சு வச்சு இந்த 10 கிலோமீட்டரை வரைஞ்சு பாத்தா விஷயம் புரிஞ்சிடும். மேற்கே முண்டந்துறை சரணாலயம் 1962-ல வந்தது, களக்காடு 1976-ல. ரெண்டையும் சேத்து 1988-ல புலிகள் காப்பகம் ஆக்கினாங்க. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், மணிமுத்தாறு, களக்காடு, திருக்குறுங்குடின்னு மலையடிவாரம் முழுக்க அந்த வட்டத்துக்குள்ள வந்திடுது. நடுவுல கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். மூலைக்கரைப்பட்டியும் அதைச் சுத்தின ஊர்களும் அதுக்குள்ள. வடக்கே கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம். அது வெறும் 288 ஹெக்டேர்தான், ஆனா 10 கிலோமீட்டர் ஆரம் போட்டா 300 சதுர கிலோமீட்டருக்கு மேல வளைச்சுப் போட்டுடுது. கிழக்கே வல்லநாடு வெளிமான் சரணாலயம் தூத்துக்குடி மாவட்டத்துல இருக்கு, ஆனா ஆரத்துக்கு மாவட்ட எல்லை கிடையாது. உவரி, திசையன்விளை மாதிரி கடலோரம் போனாத்தான் இந்தத் தொல்லை இல்ல. அதனாலதான் மத்த ஜில்லாக்காரங்க சொல்லுற கால அளவை வச்சு நம்ம ஃபைலைக் கணக்குப் பண்ண முடியாது.

உங்க கேஸ்ல கடிதம் போற வழி இது. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து களக்காடு துணை இயக்குநர் ஆபீஸுக்கு. அங்க இருந்து சரகத்துக்கு (ரேஞ்சர் ஆபீஸ்). ரேஞ்சர் ஆள் அனுப்பி இடத்தைப் பாத்து, வன எல்லையில இருந்து எவ்வளவு தூரம், என்ன பயிர், என்ன விலங்கு இறங்குது, விண்ணப்பதாரர் பேர்ல வனக் குற்ற வழக்கு எதுவும் உண்டான்னு எழுதுவாங்க. திரும்ப துணை இயக்குநர், அப்புறம் திருநெல்வேலியில இருக்கிற கள இயக்குநர், அவர் வழியா சென்னை. சென்னையில இருந்து இசைவோ மறுப்போ அதே வழியாத் திரும்பி வரணும். இத்தனை மேஜையில ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி விட்டாலும், முழுப் பயணமும் முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

பெரிய தாமதம் எங்க பிறக்குதுன்னா, மூணு கடிதமும் ஒரே நாள்ல கிளம்பாததுலதான். எஸ்.பி.க்கு ஒண்ணு, ஆர்டிஓவுக்கு ஒண்ணு, வனத்துறைக்கு ஒண்ணு. மூணும் சேர்ந்து போனா, போலீஸ் விசாரணை நடக்கும்போதே ரேஞ்சரும் வந்து பாத்துட்டுப் போயிடுவார். பெரும்பாலும் போலீஸ் அறிக்கை வந்து, அதை வச்சுக் குறிப்பு எழுத உக்காரும்போதுதான் கிளார்க்குக்கு 34-வது பிரிவு ஞாபகம் வரும். அதுக்கு அப்புறம்தான் வனத்துறைக்குக் கடிதம். அதுவரை போன மாசங்கள் வீண்தான்.

தூரத்தைப் பத்தி ஒரு முக்கியமான விஷயம். சட்டத்துல இருக்கிறது ஆரம். அதாவது சரணாலய எல்லையில இருந்து நேர்கோட்டுத் தூரம். பஸ் போற ரோட்டுத் தூரம் இல்ல. கிராம அளவுல எழுதுற அறிக்கையில "சரணாலயத்திலிருந்து சுமார் 10 கி.மீ." அப்படின்னு ஒரு வரி எழுதி அனுப்பிடுறாங்க. அந்த "சுமார்"ங்கிற ஒரு சொல்லே ஃபைலைத் திருப்பி விடப் போதும். புல எண், உட்பிரிவு, கிராமப் பேர், எல்லையில் இருந்து நேர்கோட்டில் இத்தனை மீட்டர்னு எழுத வைக்கணும். எல்லைக் கோட்டுக்குக் கொஞ்சம் வெளிய நிலம் இருக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். வெளியேதான்னு வருவாய்த் துறை அளந்து சான்று குடுத்துட்டா சென்னைப் பயணமே வேண்டாம். உங்க தோட்டம் கண்டிப்பா உள்ளதான், அதுல சந்தேகம் இல்ல.

கோர்ட்டு வீதி எழுதியது:

மேலே சொன்னது சரி. சட்டம் காலக்கெடு பற்றி என்ன சொல்கிறது என்பதை நான் சேர்க்கிறேன்.

ஆயுத விதிகள் 2016-இன்படி போலீஸ் அறிக்கைக்கு 30 நாள். அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து உரிமம் வழங்கும் அதிகாரி முடிவெடுக்க 60 நாள். பலர் இரண்டையும் கூட்டி, விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து 90 நாள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த 60 நாள் அறிக்கை வந்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அறிக்கை வராத வரை அதிகாரியின் மீது கெடு ஏறாது. வனத்துறை இசைவுக்கு 34-வது பிரிவில் கெடுவே இல்லை. கெடு தாண்டினால் உரிமம் வழங்கப்பட்டதாகக் கருதும் ஏற்பாடு ஆயுதச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது.

இனி ஏன் நிற்கிறது என்பதற்கு வருகிறேன். உரிமம் கொடுத்தால், நாளை அந்தத் துப்பாக்கியால் ஏதாவது நடந்தால் பரிந்துரை எழுதியவரிலிருந்து கையெழுத்துப் போட்டவர் வரை எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால், ஆயுதச் சட்டம் 14-வது பிரிவின்படி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கேட்டால் அந்தக் காரணத்தின் சுருக்கத்தை விண்ணப்பதாரருக்குக் கொடுக்க வேண்டும். 18-வது பிரிவின்படி அவர் மேல்முறையீட்டுக்குப் போவார், எழுதிய காரணம் அங்கே அலசப்படும். ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தால் இந்த இரண்டு பொறுப்பும் இல்லை. மேல்முறையீடு செய்வதற்கு ஓர் உத்தரவே இருக்காது. தனி ஒருவரின் சோம்பலை விட, சட்டம் அமைந்திருக்கும் இந்த விதம்தான் ஃபைலைக் கிடப்பில் போட வைக்கிறது. ஆகவே "கொடுங்கள்" என்று கேட்டு அலைவதை விட "ஓர் உத்தரவு போடுங்கள்" என்று எழுத்தில் கேட்பதே பலன் தரும்.

எந்த ஆயுதம் கேட்கிறோம் என்பதும் வேகத்தைத் தீர்மானிக்கும். ஆயுதச் சட்டத்தின் 13(3) பிரிவைப் படியுங்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கிட்டிக்கும் துப்பாக்கி, அல்லது தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்வரி (குழலுக்குள் வெட்டிய திருகுவரி) இல்லாத துப்பாக்கி கேட்டால், 14-வது பிரிவுத் தடை இல்லாதவரை அதிகாரி உரிமம் "வழங்க வேண்டும்" என்று சட்டம் பேசுகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கி போதாது என்று அதிகாரி திருப்திப்பட்டால் வேறு வகை உள்வரியற்ற துப்பாக்கிக்கும் அனுமதிக்கலாம். ரிவால்வர், பிஸ்டல் கேட்டால் நிலைமை வேறு. அங்கே "தக்க காரணம்" உண்டு என்று அதிகாரி திருப்தி அடைய வேண்டும். நீங்கள் கேட்டிருப்பது ஒற்றைக்குழல். எனவே வாய்வழித் துப்பாக்கி ஏன் போதாது என்று ஒரு பத்தி விண்ணப்பத்தோடு இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால், மற்ற எல்லா அறிக்கையும் வந்த பிறகு இந்தக் கேள்விக்காகவே ஃபைல் திரும்பும்.

தச்சநல்லூர் எழுதியது:

போலீஸ் பக்கம் முடிஞ்சிடுச்சுன்னு அவ்வளவு உறுதியாச் சொல்ல வேண்டாம். ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு வந்துட்டுப் போனதும் எல்லாரும் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சிடுறாங்க. அது முதல் படிதான். ஸ்டேஷன் அறிக்கை இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி. வழியா எஸ்.பி. ஆபீஸுக்குப் போகணும். அது தவிர தனிப்பிரிவு (போலீஸ் உளவுப் பிரிவு) ரிப்போர்ட் ஒண்ணு வரும், மாவட்டக் குற்ற ஆவணக் கூடத்துல பேரைத் தேடிப் பாத்த ரிப்போர்ட் ஒண்ணு வரும். மூணும் ஒத்து வந்தாத்தான் எஸ்.பி. கையெழுத்து.

இங்க வழக்கமா இடிக்கிற இடம் ரெண்டு. ஒண்ணு, அறிக்கை பட்டும் படாமலும் எழுதுறது. "மேல் நடவடிக்கைக்காகச் சமர்ப்பிக்கிறேன்"னு முடிச்சா, பரிந்துரையா இல்லையான்னு குறிப்பாக் கேட்டுத் திருப்பி அனுப்புவாங்க. ரெண்டாவது, பேர்ப் பொருத்தம். ஆதார்ல இனிஷியல் முன்னால, பட்டாவுல அப்பா பேர் முழுசா, ரேஷன் கார்டுல வேற எழுத்து. அதே பேர்ல பக்கத்து ஊர்ல ஒருத்தர் மேல வழக்கு இருந்தா, அவர் இவர் இல்லன்னு எழுதித் தீர்க்கிற வரைக்கும் ஃபைல் நிக்கும். நம்ம பக்கம் ஒரே தெருவுல அஞ்சு சுடலைமுத்து, ஆறு இசக்கிமுத்து இருப்பாங்கங்கிறதை மறந்துடக் கூடாது.

ஊர்ல கோயில் கொடை, கொடிமரம், பாதைத் தகராறுன்னு ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு நன்னடத்தை, அமைதிக்கான பிணை எழுதி வாங்கியிருந்தா கவனிங்க. முந்தி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 107, 110னு சொன்னது, இப்போ அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்துல 126, 129. அந்தப் பிணைக் காலம் முடியிற வரை ஆயுதச் சட்டம் 9-வது பிரிவின்படியே துப்பாக்கி வச்சிருக்கத் தடை. வழக்கு நிலுவையில இருக்குங்கிறது மட்டும் அந்தப் பிரிவுத் தடை இல்ல, ஆனா பொது அமைதின்னு காட்டி மறுக்க அது போதும். பிணை முடிஞ்ச தேதியை ஆவணத்தோட முன்கூட்டியே குடுத்துடுறது நல்லது.

இன்னொண்ணு. மாநகர எல்லைக்குள்ள, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டை மாதிரி இடத்துல குடியிருக்கிறவங்களுக்கு உரிமம் குடுக்கிற அதிகாரி மாநகரப் போலீஸ் கமிஷனர். நிலம் கிராமத்துல இருக்குன்னு கலெக்டர் ஆபீஸ்ல குடுத்தா, மாசக் கணக்குல கிடந்துட்டு அதிகார வரம்பு இல்லன்னு திரும்பி வரும். வீடு களக்காட்டுலயேங்கிறதால உங்களுக்கு இது இல்ல.

தேர்தல் அறிவிச்சுட்டா இந்த வேலை மொத்தமா நின்னுடும். இருக்கிற துப்பாக்கிகளை ஒப்படைக்க வைக்கிறதும் அதைப் பதியறதும்தான் அப்போ அந்த மேஜைக்கு வேலை.

சங்கரன்கோவில் எழுதியது:

இதே இழையிலயே கேட்டுக்கிடுதேன். அப்பா காலமாயிட்டார். அவர் பேர்ல 12 போர் ரெட்டைக்குழல், பழைய திருநெல்வேலி மாவட்ட உரிமம். துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கியாச்சு. மகன் பேருக்கு மாத்தறதுக்கும் இதே பாடுதானா?

பொருநைக்கரை எழுதியது:

சங்கரன்கோவில் அண்ணாச்சிக்கு: பேர் மாத்தறதுன்னு ஒண்ணு இல்ல. வாரிசு பேருக்குப் புது உரிமம்தான், அதனால போலீஸ் அறிக்கையும் புதுசா வேணும். கூட வேண்டியது வாரிசுச் சான்று, மத்த வாரிசுகள் ஒவ்வொருத்தரும் எழுதித் தர்ற ஆட்சேபணையின்மை. ஒரு அக்கா வெளியூர்ல இருந்து கையெழுத்து வரலன்னாலும் அந்த ஃபைல் அங்கேயே நிக்கும். 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆனதால விண்ணப்பம் தென்காசிக்குப் போகணும், மூலக் கோப்பு பழைய ஆபீஸ் ரெக்கார்டு ரூம்ல இருக்கலாம். அப்பா உரிமத்தோட தனி அடையாள எண், பழைய உரிம எண், கடைசியாப் புதுப்பிச்ச தேதி மூணையும் விண்ணப்பத்துல எழுதி, மூலக் கோப்பை வரவழைக்கக் கேட்டுத் தனியா ஒரு மனுவும் குடுங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் ரெண்டு துப்பாக்கிக்கு மேல வச்சிருக்க முடியாது, பரம்பரையா வந்ததும் அந்தக் கணக்குல சேரும்.

முக்கியமா, துப்பாக்கி நம்பரைச் சரி பாருங்க. ஸ்டேஷன்ல அனுமதி கேட்டு, தோட்டா இல்லன்னு உறுதி பண்ணிட்டு, மடக்கித் திறந்து குழலைத் தனியா எடுத்தா, குழலோட அடிப்பக்கத் தட்டையான பாகத்துல நம்பர் அடிச்சிருக்கும். அதே நம்பர் அது வந்து உக்காருற இரும்புலயும் இருக்கும். முன்கட்டை (குழலுக்கு அடியில கை பிடிக்கிற கட்டை) இரும்புலயும் பெரும்பாலும் உண்டு. பழைய துப்பாக்கியில எண்ணெய்ப் பிசுக்கு ஏறி 3-ம் 8-ம் ஒண்ணு மாதிரித் தெரியும். முந்தி யாரோ உரிமப் புத்தகத்துல 8-ன்னு எழுதினது, ஸ்டேஷன் ரசீதுல 3-ன்னு வந்தா, ரெண்டும் ஒரே துப்பாக்கிதான்னு நிரூபிக்கிற வரை ஃபைல் நகராது. துணியில மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சுட்டு, சாய்வா வெளிச்சம் அடிச்சுப் பாத்தா எண் தெளிவா வரும். ரசீதுல தப்பு இருந்தா இப்பவே திருத்தி வாங்கிடுங்க.

உயிரோட இருக்கிற அப்பாமாருக்கும் ஒரு தகவல்: 70 வயசு ஆனாலோ, 25 வருஷம் துப்பாக்கி வச்சிருந்தாலோ, வாரிசுக்கு விட்டுக் குடுக்க விதியில இடம் இருக்கு. இறந்த பிறகு அலையறதை விட அது எவ்வளவோ மேல்.

வாழைத்தோட்டம் (களக்காடு) எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வனத்துறைக் கடிதம்னு ஒண்ணு இருக்குன்னே இப்பதான் தெரியுது. பட்டா இன்னும் கூட்டுப்பட்டாவா இருக்கு, சித்தப்பா பேரும் சேர்ந்து. அது இடிக்குமா? தகவல் உரிமைச் சட்டத்துல என்னன்னு கேக்கணும்?

கோர்ட்டு வீதி எழுதியது:

கூட்டுப்பட்டா தடை இல்லை, ஆனால் கேள்வி வரும். சித்தப்பாவிடம் ஒப்புதல் கடிதமும், நீங்கள்தான் பயிர் செய்கிறீர்கள் என்று காட்ட நடப்புப் பசலி (வருவாய்த் துறை ஆண்டு) அடங்கலும், அதாவது விஏஓவின் பயிர்ப் பதிவேட்டு நகலும் கொடுங்கள். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435. அடங்கலில் "தரிசு" என்றோ போன பயிரோ இருந்தால் பயிர்ப் பாதுகாப்பு என்ற காரணமே விழுந்துவிடும். விஏஓவைப் பார்த்து வாழை என்று ஏற்றிய பிறகு நகல் எடுங்கள்.

தகவல் உரிமை மனுவில் "என் விண்ணப்பம் ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் அது தகவல் இல்லை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆவணம் கேளுங்கள். கோப்பு எண், போலீஸ், வருவாய், வனத்துறை ஒவ்வொன்றுக்கும் அனுப்பிய கடிதத்தின் எண், தேதி, நகல், வந்த பதிலின் எண், தேதி, அனுப்பிய நினைவூட்டுகளின் தேதி, இன்றைய தேதியில் கோப்பு யார் பொறுப்பில் இருக்கிறது என்று காட்டும் பதிவேட்டுப் பக்கம். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். போலீஸ் அறிக்கையின் நகலை மறுக்கலாம்; அனுப்பிய தேதியை மறைக்க வழியில்லை, நமக்கு அதுவே போதும். வனத்துறைக்குக் கடிதமே போகவில்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலை இணைத்து, 34-வது பிரிவின்படி உடனே இசைவு கோரும்படி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். அந்த மனுவுக்கு எண் விழும். பதில் எழுத வேண்டிய கட்டாயம் ஏற்படும்.

அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட். அங்கே கிடைப்பது பெரும்பாலும் "இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து உத்தரவு பிறப்பிக்க வேண்டும்" என்ற ஆணைதான். உரிமமே கொடுக்கச் சொல்லும் ஆணை அல்ல. வனத்துறையையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மறக்க வேண்டாம். சேர்க்காவிட்டால் கெடு முடியும் நாளில் "வன இசைவு வரவில்லை" என்று வந்து நிற்பார்கள்.

பொருநைக்கரை எழுதியது:

ரெண்டு விஷயம் விட்டுப் போச்சு. பன்னி இறங்கி வாழையைச் சாய்க்கும்போதெல்லாம் சரக ஆபீஸ்ல பயிர்ச் சேத இழப்பீட்டு மனு குடுத்து, சீல் வச்ச நகல் வாங்கி வைங்க. பணம் வருதோ இல்லியோ, ரேஞ்சர் அறிக்கை எழுதும்போது "இந்தப் புல எண்ணில் சேதம் பதிவாகியுள்ளது"ங்கிற வரி அவங்க ரெக்கார்டுல இருந்தே வரும். அந்த வரி இல்லாத அறிக்கை சென்னைக்குப் போனா, தேவை நிரூபிக்கப்படலன்னு கேள்வியோட திரும்பும்.

அடுத்தது, உரிமம் வந்துட்டா பன்னியைச் சுடலாம்னு நிறையப் பேர் நினைக்காங்க. உரிமம் துப்பாக்கி வச்சிருக்கத்தான். காட்டுப்பன்னி 2022 திருத்தத்துக்கு அப்புறம் வனவிலங்குச் சட்டத்தோட இரண்டாம் அட்டவணையில இருக்கு. அதைக் கொல்லணும்னா அந்தச் சட்டத்தோட 11-வது பிரிவின்படி தனி அனுமதி வேணும். மயில் முதல் அட்டவணை, நினைக்கவே கூடாது. காட்டை விட்டு 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னியைச் சுடலாம்னு 2025-ல தமிழக அரசு அறிவிச்சது வனத்துறை ஆட்கள் செய்ய வேண்டிய வேலை, தோட்டக்காரர் செய்யிறதுக்கு இல்ல. உங்க தோட்டம் அந்தத் தூரத்துக்கு உள்ளேயும் இருக்கும். விண்ணப்பத்துல காரணம் எழுதின இடத்தை ஒரு தடவை திரும்பிப் பாருங்க. "பன்றிகளைச் சுடுவதற்கு"ன்னு எழுதியிருந்தா வனத்துறை இசைவு தராது. "பயிரைப் பாதுகாக்கவும் விலங்குகளை விரட்டவும்"னு திருத்தி ஒரு துணை மனு குடுத்துடுங்க, ரேஞ்சர் வந்து பாக்கிறதுக்கு முன்னாலயே.